நைஜல் மாஸ்டர் ட்ரையலுக்கு ஏற்றாத ஆள்

மட்டக்களப்பில் ஹெவி, அதாவது பெரிய லொறி, பழக வருகிறவர்களை நைஜல் மாஸ்டர் முதல் நாளே ஸ்டியறிங் பிடிக்க விடுவதில்லை. லொறியைச் சுற்றி நடக்க விடுவார். முன் டயருக்குப் பக்கத்தில் குந்தச் சொல்லுவார். பிறகு அவரே சாரதி ஆசனத்தில் ஏறி இருந்துகொண்டு, இங்கே இருந்து பார்த்தால் உங்கள் தலை எனக்குத் தெரியவில்லை, ஒரு பிள்ளை நின்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். டக்கென்று பதில் சொல்லுகிறவர்களோடு பிறகு மினக்கெட வேண்டிவரும் என்பது அவருடைய அனுபவம்.

அவர் தாண்டவன்வெளிப் பறங்கி, போர்த்துக்கேய வழிவந்தவர். சுனாமிக்குப் பிந்திய வருசங்களில் நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மட்டக்களப்புக்குமாக லொறி ஓடியவர். முதுகு நோவு வந்த பிறகு பயிற்றுநர் அனுமதி எடுத்து, பழைய லொறி ஒன்றை வாங்கி, இடது பக்க ஆசனத்துக்குக் கீழே தனக்கென்று ஒரு பிறேக்கும் கிளச்சும் பூட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் பழகுநர் வண்டி என்று காட்டும் எல் போட்டைத் தொங்கவிட்டார். ஆள் அதிகம் கதைக்கமாட்டார். பழகுகிறவர் பிழை விட்டால் கத்துவதும் இல்லை. லொறியை ஓரங்கட்டச் சொல்லி, என்ன நடந்தது என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பார்.

கொஞ்ச வருசமாக அவருக்கு வேலை கூடியிருந்தது. நாடு நெருக்கடிப்பட்ட காலத்தில் ஓட்டத் தெரிந்தவர்களில் பலர் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட, அறுவடை தொடங்கினால் நெல் ஆலைக்காரர்கள் சாரதி தேடி அலைந்தார்கள். ஏறாவூர், ஓட்டமாவடி, கொக்கட்டிச்சோலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் பழக வந்தார்கள். வரும்போதே எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: ட்ரையல் எப்ப? அதற்கு முன்னால் முடிக்க வேண்டியவை வரிசையாக நின்றன. சின்ன வாகன லைசன் எடுத்துக் காலம் ஆகியிருக்க வேண்டும். மெடிக்கல் சான்றிதழ் எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும். பிறகு மாதக்கணக்கில் பழக வேண்டும். பரீட்சகரைப் பக்கத்தில் இருத்தி ஓட்டிக் காட்டுகிற ட்ரையல் அதற்குப் பிறகுதான். இதில் எதையும் குறுக்கால் முடித்துக் கொடுக்க நைஜல் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதால் அவரிடம் வராமலே வேறு இடம் போனவர்களும் உண்டு.

அஸ்கர் அவரிடம்தான் பழக வேண்டும் என்று தேடி வந்தவர். ஏறாவூர்க்காரர், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். கட்டாரில் ஒரு கிடங்கில் வேலை செய்து திரும்பி வந்து, சின்ன லொறியில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஓட்டமாவடியில் ஆலை வைத்திருக்கும் முகைதீன்பாவா ஹாஜியார், ஹெவி லைசனோடு வந்தால் பெரிய லொறியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அஸ்கருக்கு அது வெறும் வேலை இல்லை. கட்டாரிலிருந்து இடையில் திரும்பி வந்தவன் என்று சொந்தக்காரர்களுக்கு முன்னால் குனிந்த தலையை நிமிர்த்துகிற சங்கதி.

கை நல்ல கை. கிளச்சை விடுகிற விதத்திலேயே நைஜலுக்குப் பிடித்துவிட்டது. மட்டக்களப்புப் பக்கம் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கிற பழக்கத்துக்குக் குளக்கட்டுச் சரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மற்றவர்கள் லொறியைப் பின்னுக்கு வழுக்க விட்டு வியர்த்து நிற்பார்கள். அஸ்கர் முதல் நாளே அசையாமல் எடுத்தார். கம்பங்களுக்கு நடுவே பின்னுக்கு எடுத்து விடுகிறபோது கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டு, அப்படியே கொண்டுபோய் விட்டார். பயிற்சி முடிந்தால் இருவரும் செங்கலடிச் சந்தியில் தேத்தண்ணி குடிப்பார்கள். அஸ்கரின் மனைவி நுஸ்ரா கட்டிக் கொடுத்த இடியப்பத்தில் மாஸ்டருக்கும் ஒரு பங்கு இருக்கும்.

அது நடந்தது கரடியனாற்று வீதியில். அறுவடை நாள். வீதியின் ஒரு பக்கத்தில் நீளத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு காலால் நெல்லை அளைந்துகொண்டு நின்றாள். வெறும் வீதி, நல்ல வெளிச்சம். அஸ்கர் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மறந்துபோய் யோசிக்கிறார் என்றுதான் நைஜல் முதலில் நினைத்தார். லொறி மெல்ல நெல்லின் பக்கம் சரியத் தொடங்கியது. வேகம் குறையவில்லை, கூடியது. திரும்பிப் பார்த்தால், அஸ்கரின் கண் திறந்தபடி இருக்க, வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. கை ஸ்டியறிங்கில் இறுகிப்போய்க் கிடந்தது.

நைஜல் தன் பக்கத்துப் பிறேக்கில் இரண்டு காலையும் வைத்து அமத்தி, எட்டி ஸ்டியறிங்கை இழுத்தார். நெல்லில் ஏறிச் சறுக்கி லொறி நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தபோது லொறியின் முகம் அவளுக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் அப்படியே நெல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அஸ்கர் கண்ணைச் சிமிட்டினார். சுற்றிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், நிப்பாட்டிட்டீங்க?" என்றார்.

நைஜல் எட்டி எஞ்சினை நிறுத்தினார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். அஸ்கர் நம்பாதவர்போல வீதியையும் நெல்லில் விழுந்திருந்த டயர்த் தடத்தையும் பார்த்தார். பிறகு, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, தலை சுற்றியிருக்கும் என்றார். சொல்லும்போது அவர் நைஜலின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது நைஜலே ஓட்டினார்.

இரண்டொரு நாள் கழித்து நைஜல் ஏறாவூருக்குப் போனார். அஸ்கர் மீன் ஏற்றப் போயிருந்தார். நுஸ்ரா கதவைப் பாதி திறந்து, நிலையோடு ஒதுங்கி நின்று பேசினாள். அன்றைக்கு அவர் காலையில் சாப்பிடவில்லையாமே என்று நைஜல் கேட்கத் தொடங்கியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டாரில் கிடங்குத் தட்டிலிருந்து பெட்டி தலையில் விழுந்ததாம். அதற்குப் பிறகுதான் இந்த வலிப்பு. சில வேளை கைகால் அடிக்கும், சில வேளை இப்படிச் சும்மா வெறித்துப் பார்ப்பார். கிளினிக்கில் தந்த குளிசை இருக்கிறது. போட்டால் நித்திரை வரும் என்று லொறி எடுக்கிற நாட்களில் அவர் போடுவதில்லை. மெடிக்கலில் கேட்டபோது அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லாததை எந்த டொக்டர் கண்டுபிடிப்பது?

"மாஸ்டர், அவர ட்ரையலுக்கு ஏத்தாதீங்க" என்றாள் நுஸ்ரா. "நான் சொன்னனெண்டு மட்டும் சொல்லிராதீங்க. என்ட குடும்பம் இல்லாமப் போயிரும்."

நைஜல் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அஸ்கரிடம் அவர் சொன்னது சுருக்கமாகத்தான். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், எனக்குத் தெரியும், உங்களை நான் ட்ரையலுக்குக் கொண்டுபோகமாட்டேன், முதலில் கிளினிக்குக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். ஹெவி ஒன்றுதானா உலகத்தில், ஆலையிலேயே வேறு வேலை கேட்கலாம், தானே ஹாஜியாரிடம் வந்து கதைப்பதாகவும் சொன்னார். அஸ்கர் கெஞ்சினார். ஒருமுறை நடந்ததற்காக ஒரு மனிதனின் வாழ்க்கையை முடிக்கலாமா என்றார். நைஜல் மசியாததைக் கண்டு எழுந்து போனவர் பிறகு பழக வரவில்லை.

வேறு ஊரில் வேறு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து அவர் ட்ரையலில் தேறிவிட்டார் என்பது நைஜலுக்குக் கண்ணால் கண்டபோதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், ஏறாவூர்ச் சந்தி. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சைக்கிளில் வீதியை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்கிய பெரிய லொறி ஊர்ந்து வந்தது. மேலே அஸ்கர் இருந்தார். மாஸ்டரைக் கண்டதும் ஒரு கையை உயர்த்திக் காட்டினார். பகை இல்லாத கை. நைஜலும் கையை உயர்த்தினார். வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தப் பிள்ளைகளின் முதுகுகள்தான் அவர் கண்ணில் நின்றன.

கரடியனாற்று வீதியில் நடந்ததைச் சொல்லி, லைசன் கொடுக்கிற கந்தோரில் போய்ச் சொல்லிவிடவா என்று நதாலியிடம் கேட்டார். நதாலி அவர் மனைவி. கோயில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள்.  இந்த ஊரில் ஒருவனைப் பற்றி இன்னொருவன் போய்ச் சொல்லுவது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நைஜலின் அண்ணன் வோல்ட்டர் யுத்தம் நடந்த தொண்ணூறாம் ஆண்டில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டுக் காணாமல் போனவர். ஆட்களை வரிசையில் நிறுத்தி நடத்தியபோது, சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு இருந்த ஒருவன் வோல்ட்டரைப் பார்த்துத் தலையாட்டினான். அவ்வளவுதான். அப்படிக் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஊரில் தலையாட்டி என்று பேர். அந்தச் சாக்குக்குள் இருந்தவன் யார் என்று நைஜலின் தாய் சாகும்வரை ஆளாளாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலசரக்குக் கடைக்காரரிலிருந்து, தான் ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானப்பிள்ளை வரைக்கும் அவள் சந்தேகப்படாத ஆளில்லை.

"நீங்க போய்ச் சொன்னா உங்களுக்கும் அந்தப் பேர்தான் வெப்பாங்க" என்றாள் நதாலி. "சரியோ பிழையோ, ஆரும் கேக்கமாட்டாங்க."

முதலில் ஆளிடமே போய்ச் சொல்லிப் பார்ப்போம் என்று நைஜல் ஆலைக்குப் போனார். லொறியின் நிழலில் வைத்துத்தான் பேசினார்கள். அஸ்கர் இந்தமுறை கோபப்படவில்லை. அறுவடை முடியட்டும், இடையில் விட்டால் ஹாஜியார் இன்னொரு வேலையும் தரமாட்டார், அது முடிந்ததும் நானே விட்டுவிடுகிறேன், வல்லாஹி என்று சத்தியம் பண்ணினார். நைஜல் அதை நம்பினார் என்பதைவிட, நம்ப விரும்பினார் என்பதுதான் சரி. ஒவ்வொரு நாளும் காலையில் பேப்பரைத் திறக்கும்போது விபத்துச் செய்திப் பக்கத்துக்குத்தான் கண் முதலில் ஓடும். வீதியில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பழகுகிறவரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அறுவடை முடிந்து, வயல் வட்டைகளில் ஒட்டுத்தாள் கருகி, மாடுகள் மேய வந்துவிட்டன. அஸ்கர் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது அரிசி ஏற்றிக்கொண்டு தம்புள்ளை வரை போய்வந்தார்.

ஒரு காலை நைஜல் நல்ல சேட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு லைசன் கந்தோருக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு ஒருவருடைய லைசனில் கைவைக்க முடியாது, எழுதிப் பேரும் போட்டுத் தர வேண்டும் என்றார். நைஜல் எழுதினார். கரடியனாற்று வீதியில் தான் கண்டதை மட்டும் எழுதினார். நுஸ்ரா சொன்னதில் ஒரு சொல்லும் அதில் இல்லை. பேரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். சாக்குப் போடாமல் செய்தேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அஸ்கரை மறுபடி மெடிக்கலுக்குக் கூப்பிட்டார்கள். இந்தமுறை தலையைப் பரிசோதித்து, கிளினிக்கில் குளிசை எடுக்கிற விசயமும் வெளியே வந்து, லைசன் போய்விட்டது. ஹெவி மட்டும் இல்லை, மீன் பெட்டி ஏற்றிய சின்ன லொறியும் சேர்ந்து போனது. முகைதீன்பாவா ஹாஜியார் நல்ல மனிதர்தான். ஆனால் வலிப்புக்காரனை ஆலை மெசினுக்குப் பக்கத்தில் எப்படி விடுவது என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

சொன்னது யார் என்று எவரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அஸ்கர் நேரே தாண்டவன்வெளிக்கு வந்தார். படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"மாஸ்டர், நீங்க தனியாப் போய்ச் சொன்னீங்களா, என்ட வீட்டில ஆரும் சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"நான் கண்டத நான் சொன்னன். ஒருத்தரும் சொல்லச் சொல்லல்ல."

அஸ்கர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சரி, அதைத்தான் அறிய வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நைஜல் சொன்னது பாதி பொய். அந்தப் பொய்யால் ஒரு வீடு குலையாமல் நின்றது. அதைப் பற்றி நதாலிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

ஏறாவூர்ப் பக்கமிருந்து பழக வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். காத்தான்குடிக்காரர்களும் குறைந்தார்கள். ஒருநாள் வாழைச்சேனைப் பக்கம் தேத்தண்ணிக் கடை ஒன்றுக்கு முன்னால் லொறியை விட்டுவிட்டு வந்து பார்த்தால், பின்கதவில் ஆணியால் யாரோ கீறியிருந்தார்கள்: தலையாட்டி. நைஜல் அதற்கு மேல் பெயின்ட் அடித்தார். வெயில் பட்டால் கீறல் பெயின்டுக்குள்ளால் தெரியும்.

அஸ்கர் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்க அவரால் முடியாது. ஏறாவூர்க் கரையில் மச்சான் ஒருவரின் தோணி கிடந்தது. வீச்சுவலையோடு வாவிக்குப் போகத் தொடங்கினார். தனியே போக வேண்டாம் என்று நுஸ்ரா மன்றாடினாள். அவருடைய தம்பி பஹ்மி இடைக்கிடை கூடப் போவான். அவனுக்கும் ஓட்டோ ஓட்டுகிற வேலை இருந்தது. வாவிக்கு லைசன் கேட்கமாட்டார்கள்தானே என்று அஸ்கர் சிரித்துக்கொண்டு சொல்வாராம்.

வாடைக்காற்று அடங்கிய ஒரு காலையில் தோணி தனியே கரையோரச் சதுப்பில், கண்ணாப் பற்றைக்குள் ஒதுங்கிக் கிடந்ததை மற்ற மீன்காரர்கள் கண்டார்கள். அஸ்கர் கொஞ்சம் தள்ளிக் குப்புறக் கிடந்தார். வலை கையில் சுற்றியிருந்தது. தண்ணி இடுப்பளவுதான்.

நைஜலுக்கு, டீசல் அடிக்க நின்ற பெற்றோல் செட்டில் வைத்துத் தெரியவந்தது. எல் போட் தொங்குகிற லொறியை அங்கேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறாவூருக்குப் போனார். வீட்டுக்கு முன்னால் தகரப்பந்தலுக்குள் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். அவரைக் கண்டதும் கதை நின்றது. ஒருவரும் ஏசவில்லை. பஹ்மி எழுந்து வந்து அவருடைய முழங்கையைப் பிடித்து, மரியாதையாக, வீதிவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இண்டைக்கு வேணாம் மாஸ்டர். பெரியாக்கள் இரிக்காங்க, ஆரும் ஏதும் சொல்லிப்போடுவாங்க. போங்க."

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது நைஜல் பஸ் தரிப்பில் நின்றார். முன்னால் வந்தவர்களில் முகைதீன்பாவா ஹாஜியாரும் தோள் கொடுத்துக்கொண்டு போனார். எல்லோரும் கடந்து போகும்வரை நைஜல் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

நுஸ்ரா கணவனை இழந்தவள் இருக்கிற இத்தாவில் இருந்தாள். அன்னிய ஆண் அவளைப் பார்க்கப் போக முடியாது. நதாலிதான் சீனியும் தேயிலையும் வாங்கிக்கொண்டு போனாள். போய்வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டாள்.  நுஸ்ரா என்ன சொன்னாள் என்பதை அவளாகச் சொல்லட்டும் என்று நைஜல் காத்திருந்தார்.

முதலில் மற்றப் பெண்கள் இருந்ததால் நுஸ்ரா ஒன்றும் பேசவில்லையாம். அவர்கள் தொழப் போன நேரத்தில்தான் நதாலியின் கையைப் பிடித்தாளாம்.

"லொறியில போயிருந்தா இன்னும் நாலுபேரக் கொண்டுபோயிருப்பார். இப்ப தனியப் போயிட்டார். இதில எது நல்லதெண்டு எனக்குத் தெரியா அக்கா. மாஸ்டர் என்ட பேரச் சொல்லாம விட்டத அல்லாஹ் பொருந்திக்கொள்ளுவான். ஆனா இனி இஞ்சால வரவேணாமெண்டு சொல்லுங்க. அவரக் கண்டா நான் அவருக்கிட்டச் சொன்னது எனக்கு நினைவு வரும்."

அப்போதுதான் நதாலிக்கு முழுவதும் தெரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். ஆரிடமும் சொல்ல வேண்டாம் என்று நுஸ்ரா கேட்டுக்கொண்டாள், அதனால் சொல்லவில்லை என்றார் நைஜல். பிறகு வெளியே போய் லொறியின் டயரைக் கழுவத் தொடங்கினார். அது அழுக்காக இருக்கவில்லை.

அடுத்த அறுவடைக்கு முன்னால் பஹ்மி வந்தான். அவனை எதிர்பார்க்காத நைஜல், கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். இரண்டு வீட்டுக்கும் இப்போது அவன்தான் உழைக்க வேண்டியிருந்தது. ஹாஜியார் அதே லொறியை அவனுக்குத் தரச் சம்மதித்திருந்தார். ஊரில் வேறு பள்ளிகள் இருக்க ஏன் இங்கே என்று நைஜல் கேட்டபோது, பஹ்மி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அஸ்கர் காக்காக்கு பெட்டி விழுந்துதான் வலிப்பு வந்ததெண்டு எல்லாரும் சொல்லுறாங்க. உம்மாட தம்பிக்கும் இந்த வலிப்பு வருத்தம் இருந்ததெண்டு நான் கேள்விப்பட்டிருக்கன். எனக்கும் இரிக்கோ தெரியா. மத்த மாஸ்டர்மார் கண்டாலும் பேசாம விட்டுருவாங்க."

நைஜல் அவனை முதலில் டொக்டரிடம் அனுப்பினார். ஒன்றும் இல்லை என்ற பிறகுதான் லொறியில் ஏற்றினார். மாதக்கணக்காக இருவரும் கரடியனாற்று வீதியில் போய்வந்தார்கள். கியரையும் கிளச்சையும் தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் இருக்கவில்லை. பஹ்மி தமையனைப்போல இலகுவாக ஓட்டுகிற ஆளில்லை. ஒவ்வொரு வளைவிலும் தோள் இறுகிவிடும். நைஜலின் கண் வீதியில் இருந்ததைவிட அவன் வாயில்தான் கூட நேரம் இருந்தது. அது பஹ்மிக்கும் தெரியும். ஒருநாளும் அவன் அதற்காகக் கோபப்படவில்லை.

முதல் ட்ரையலில் பெயில். பின்னுக்கு எடுக்கும்போது கம்பத்தில் தட்டிவிட்டான். இரண்டாவதில் தேறினான். பரீட்சகர் போன பிறகு நைஜல் கையை நீட்டினார். பஹ்மி அந்தக் கையைப் பார்த்தான், பிடித்தான், உடனே விட்டுவிட்டான். வீட்டில் சொல்ல வேண்டும் என்று ஏறாவூர் பஸ்ஸுக்கு நடந்தான்.

எல் போட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்த நைஜலுக்கு, கொக்கட்டிச்சோலையிலிருந்து புதிதாகப் பழக வந்திருந்த ஒருவர் காத்திருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மெடிக்கல் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேப்பமர நிழலில் நின்றார். நைஜல் அதை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"இதில எழுதாத வருத்தம் ஏதும் இரிக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றார் வந்தவர். நைஜல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.